நிறம் பார்க்குமா பிரசவ வார்டு?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் ஊரில் நர்ஸாக இருக்கிறாள். 2020இல் அவளுக்குத் தலைப்பேறு. ஊருக்கு வர விமானம் இல்லை, வளைகாப்பு நடக்கவில்லை, ஸ்கேன் அறைக்குள்கூட மாப்பிள்ளையை விடவில்லை. இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். "கொரோனா நேரத்தில் அங்கே கறுப்பினப் பெண்களும் நம்ம நிறத்துப் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்களாம். அது நம்ம உடம்பு வாகா, அவர்கள் கவனிப்பில் உள்ள கோளாறா? இந்தத் தடவை பேசாமல் இங்கே கூட்டி வந்துவிடட்டுமா? நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியில் நிறம் பார்த்தா வைத்தியம் செய்கிறார்கள்?" இதுதான் அவர் கேள்வி.

அக்கா, நான் நெல்லைச் சீமையின் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவள். கொரோனாவின் இரண்டு அலையிலும் வார்டில் நின்றிருக்கிறேன். உங்கள் மகள் சொன்னது உண்மை. ஆனால் அந்த எண்களைப் பாதி படித்துவிட்டு டிக்கெட் போட்டுவிடக் கூடாது, அதனால் முழுதாகவே சொல்கிறேன். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் நீளும்.

பேறுகாலத்தில் அரிதாக வரும் சிக்கல்களை நாடு முழுக்கக் கணக்கெடுக்க பிரிட்டனில் 2005 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பன்றிக்காய்ச்சலில் பட்ட பாடத்தை வைத்து, அடுத்த கொள்ளைநோய் வந்தால் உடனே தொடங்குவதற்கு 2012லேயே ஒரு ஆய்வுத் திட்டத்தை எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். கொரோனா வந்ததும் அதை எடுத்தார்கள். 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 14 வரை கொரோனாவோடு அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்த கர்ப்பிணிகள் 427 பேர். அதில் 56 சதவீதம் பேர் கறுப்பினத்தவர், ஆசியர், மற்ற சிறுபான்மையினர். 2011 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் இவர்கள் 14 சதவீதம்தான். பிள்ளை பெறும் வயதினரில் இவர்கள் பங்கு கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் பாதியைத் தாண்டாது. லண்டன் மாதிரி பெரிய ஊர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் இந்த ஏற்றத்தாழ்வு மறையவில்லை. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு வெள்ளையினக் கர்ப்பிணியைவிட ஆசியக் கர்ப்பிணிக்கு 4 மடங்கு, கறுப்பினக் கர்ப்பிணிக்கு 8 மடங்கு என்று அந்த நாட்டு அரசு மருத்துவ சேவையே அந்த ஜூன் மாதம் அறிவித்தது. இதற்கு முன்பும் நிலைமை ஒன்றும் சமமாக இல்லை. பிரசவத்தை ஒட்டி இறப்பது கறுப்பினப் பெண்களில் 5 மடங்கு, ஆசியப் பெண்களில் 2 மடங்கு என்று 2018இலேயே அறிக்கை வந்துவிட்டது.

'மடங்கு' என்று கேட்டதும் வயிறு கலங்கும். எதன் மடங்கு என்று பார்க்க வேண்டும். 2019 முதல் 2021 வரை, கொரோனாச் சாவுகளையும் சேர்த்தே, பிரிட்டனில் ஒரு லட்சம் பேறுக்கு இறந்த வெள்ளையினப் பெண்கள் சுமார் 10, ஆசியப் பெண்கள் சுமார் 18, கறுப்பினப் பெண்கள் சுமார் 37. நம்ம தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பேறுக்கு 54. இந்தியா முழுமைக்கும் 97, கேரளாவில் 19. இரண்டு நாடும் கணக்கெடுக்கும் முறையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, இருந்தாலும் திசை மாறாது. அங்கே இருக்கும் நம்ம பெண்ணுக்கு உள்ள ஆபத்து கேரளத்துப் பெண்ணுக்கு உள்ளதோடு ஒத்துப்போகிறது. இங்கே வந்தால் குறையும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆகவே பாகுபாட்டுக்குப் பயந்து மகளை இங்கே கூட்டி வராதீர்கள். அம்மா கையால் சாப்பிட வேண்டும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்தால் அது வேறு காரணம், அதைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை.

சரி, அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே மருந்து. அவளுக்கு 10, இவளுக்கு 18, இன்னொருத்திக்கு 37 என்றால் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது?

கொஞ்சம் உடம்பிலிருந்து வருகிறது, மறைக்க வேண்டாம். நம்ம ஆட்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை சீக்கிரம் வரும். எடையும் அப்படித்தான். வெள்ளைக்காரர்களுக்கு உடல் நிறை எண் 25க்கு மேல் போனால்தான் கவலை என்றால், நமக்கு 23லேயே கவனிக்கத் தொடங்க வேண்டும். வெயில் குறைந்த நாட்டில் கறுத்த தோலுக்கு வைட்டமின் டி போதாமல் போகும். ஆனால் வயது, எடை, ஏற்கெனவே உள்ள வியாதி எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இடைவெளி மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. பஸ் ஓட்டுகிறவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், கடையில் நிற்கிறவர், நர்ஸ் என்று வீட்டுக்குள் உட்கார முடியாத வேலைகளில் இவர்கள் கூட்டம் அதிகம். கர்ப்பிணி நர்ஸ்களை 28 வாரத்துக்குப் பிறகு நோயாளிகளிடமிருந்து விலக்கி வைக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆறு மாதம்? உங்கள் மகளுக்கு நினைவிருக்கும்.

இதையும் கழித்த பிறகு மிஞ்சுவது ஒன்று. எனக்கு அதுதான் முக்கியம். வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று ஒரு பெண் சொன்னால், அதை நம்புவதற்கு எதிரில் இருப்பவர் எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்பது. பேறுகாலச் சாவில் நிமிடம்தான் எல்லாம். பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு நிற்காமல் போனால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

கறுப்பினத்தவருக்குத் தோல் தடிப்பு, வலி குறைவாகத்தான் தெரியும் என்று ஒரு பழைய நம்பிக்கை அமெரிக்க மருத்துவத்தில் உண்டு. 1840களில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் கிழிந்த உறுப்பைத் தைக்கும் அறுவைசிகிச்சையை அடிமைப் பெண்கள் மேல்தான் செய்து பழகினார், மயக்க மருந்து கொடுக்காமல். அனார்கா, பெட்சி, லூசி என்று மூன்று பேருடைய பெயர் மட்டும் நமக்குத் தெரியும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலையை 2018இல்தான் எடுத்தார்கள். இது பழங்கதை என்று நினைத்தால், 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, சுமார் பாதிப்பேர் இந்த மாதிரி தப்பான நம்பிக்கை ஒன்றையாவது சரி என்று சொன்னார்கள். அந்த நம்பிக்கை உள்ளவர்கள் கறுப்பினத்தவரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் பிள்ளை பெற்ற மறுநாள் மூச்சுத் திணறி, நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறது, சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்று தானே சொன்னார். வலி மருந்தில் உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் வேறு ஸ்கேன் எடுத்தார்கள், அப்புறம்தான் அவர் கேட்ட ஸ்கேன். கட்டி இருந்தது. உலகமே அறிந்தவருக்கே இப்படி வாதாட வேண்டியிருந்தது.

கருவிகளும் இதில் சேர்த்தி. கொரோனாவில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டர் இருக்கிறதே, அது ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி ஆக்சிஜனை அளப்பது. மிச்சிகன் மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை நேரடியாகச் சோதித்தால் 88க்குக் கீழே இருந்தது வெள்ளையினரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அதாவது கறுத்த தோலுக்கு அந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. '94 இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்' என்று எத்தனை பேரை அனுப்பியிருப்போம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடம்தான், ஏனென்றால் நம்ம ஊர்த் தோலும் வெளுப்பில்லையே. பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் ஆப்கார் முறையில் 'உடம்பு முழுக்க இளஞ்சிவப்பு' என்று ஒரு வரி உண்டு. 1950களில் எழுதியது. நாங்களும் அதை மனப்பாடம் செய்துதான் படித்தோம். கறுத்த பிள்ளைகளுக்கு அது பொருந்தவில்லை, மஞ்சள்காமாலையும் பிந்தித்தான் கண்ணில் படுகிறது என்று பிரிட்டனிலேயே 2023இல் ஓர் ஆய்வு எழுதியது.

இந்த நிலைமையின் மேல் கொள்ளைநோய் வந்து உட்கார்ந்தது. அது கொண்டுவந்த விதிகள் எல்லோருக்கும் ஒரே விதிகள்தான். நேரில் வர வேண்டாம், போனில் பேசுங்கள். துணைக்கு ஆள் கூடாது, நோவு நன்றாக எடுத்த பிறகு ஒருத்தர் வரலாம். சர்க்கரைக்கு இரண்டு மணி நேரம் உட்கார வைக்கும் பரிசோதனை வேண்டாம், சுருக்கமான ரத்தப் பரிசோதனை போதும். தொற்று பரவாமல் இருக்க இதெல்லாம் செய்தார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் யார் தலையில் விழுந்தது பாருங்கள். போனில் பேசினால் ஆங்கிலம் சரளமாக வராத பெண்ணுக்கு முகமும் கையும் பேச உதவாது. துணை இல்லை என்றால், அவளுக்காகச் சத்தம் போடுகிற ஆளும், மொழி பெயர்க்கிற ஆளும் ஒரே நேரத்தில் போய்விடுகிறார்கள். சர்க்கரைப் பரிசோதனையைச் சுருக்கினால் முதலில் தப்பவிடுவது, சர்க்கரை அதிகம் வரும் இனத்துப் பெண்களைத்தான். நியூயார்க்கில் 2020 மார்ச்சில் சில பெரிய ஆஸ்பத்திரிகள் கணவரையும் உள்ளே விடமாட்டோம் என்றன. ஒரு வாரத்துக்குள் மாநில ஆளுநரே உத்தரவு போட்டு அதை மாற்ற வேண்டியதாயிற்று.

அமெரிக்க எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லட்சம் பேறுக்குத் தாய் சாவு 2019இல் 20.1, 2021இல் 32.9. அதே இரண்டு ஆண்டில் கறுப்பினப் பெண்களுக்கு 44லிருந்து 69.9. அங்கே காப்பீடு இல்லாதவர் கதை தனி, அது உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

பிரிட்டன் ஒரு நல்ல காரியம் செய்தது. எண்கள் வந்த சில வாரத்தில், 2020 ஜூன் கடைசியில், தலைமை மகப்பேறு செவிலிய அதிகாரி ஜாக்குலின் டங்க்லி-பென்ட் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கடிதம் எழுதினார். இந்த இனத்துப் பெண்கள் வந்தால் சின்னத் தொந்தரவு என்றாலும் உடனே பாருங்கள், சேர்த்துக்கொள்ளத் தயங்காதீர்கள். அவர்கள் மொழியில், அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். வைட்டமின் டி பற்றிப் பேசுங்கள். இனம், முகவரி, எடை, வயது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ஒரே செவிலியக் குழு கடைசிவரை கூட இருப்பது 2024க்குள் முக்கால்வாசி கறுப்பின, ஆசியப் பெண்களுக்காவது கிடைக்க வேண்டும் என்று 2019லேயே ஒரு இலக்கும் வைத்திருந்தார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறையில் 2022இல் அந்த இலக்குத் தேதியைக் கைவிட்டார்கள். கடிதம் எழுதுவது சுலபம், ஆள் போடுவது கஷ்டம். அது எந்த நாட்டிலும் அப்படித்தான்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம பக்கம் நிறம் பார்த்து வைத்தியம் செய்வதில்லை, வாஸ்தவம். 'எந்த ஊரு?' என்பார்கள். ஊர் சொன்னால், 'ஊருக்குள்ள எந்தத் தெரு?' என்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த யாருக்கும் அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. சீட்டு எழுதுகிற இடத்தில் வாய் தவறிக் கேட்பது போலத்தான் கேட்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் பிரசவ அறையில் 'ஏ, கத்தாத, ஒனக்கு மட்டுந்தான் பிள்ள பொறக்கா?' என்று அதட்டு வாங்குகிறவள் யார், 'கொஞ்சம் பொறுத்துக்கோம்மா' என்று கேட்கிறவள் யார் என்று நின்று கவனித்தால் ஒரு கணக்கு புரியும். 'அவங்க வயக்காட்டு ஆளுக, ஒழைக்கிற ஒடம்பு, சொகமா ஆயிரும்' என்று பாராட்டாகவே சொல்வார்கள். தோல் தடிப்பு என்ற அமெரிக்க நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன தூரம் இருக்கிறது? உழைக்கிற உடம்புக்கும் ரத்த அழுத்தம் ஏறும், வலிப்பு வரும். சொல்லப்போனால் அந்த உடம்பில்தான் ரத்தசோகையும் கூடுதல். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தம் போதாது. ரத்தம் குறைந்தவளுக்கு, மற்றவள் தாங்குகிற அதே உதிரப்போக்கு தாங்காது.

கொரோனாவில் தெருவோடு வட்டாரமும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச் கடைசியில், முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்தை அடைத்தார்கள். அடைத்ததில் நோய்த்தடுப்பு நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஏப்ரலில் நாடு முழுக்க முஸ்லிம்களைப் பற்றிப் பேசிய பேச்சு உங்களுக்கும் நினைவிருக்கும். அடைப்புப் பகுதியில் உள்ள கர்ப்பிணிக்கு, பேறுக்கு ஐந்து நாள் இருக்கும்போதே, அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். ஏப்ரல் 20இல் சொன்னது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், முகவரியைக் கேட்டதும் சில தனியார் இடங்களில் 'ரிசல்ட்டோட வாங்க' என்றார்கள். அப்போது ரிசல்ட் வர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். நோவு அவ்வளவு நேரம் காத்திருக்குமா? பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம் உள்ள பகுதி அது. கூலி நின்றுபோன நேரம், கையில் ஆட்டோக்காசுகூட இல்லாத வீடுகள். பரிசோதனை இல்லை என்பதற்காகப் பிரசவத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று மே 18இல் ஐ.சி.எம்.ஆர். தெளிவாக எழுதியது. எழுதிய பிறகும், ஜூனில் டெல்லிக்குப் பக்கத்து நொய்டாவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் எட்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கி 13 மணி நேரத்துக்குப் பிறகு ஆம்புலன்ஸிலேயே இறந்தார். செப்டம்பரில் மலப்புறத்தில் ஓர் அம்மாவை அலைக்கழித்ததில் இரட்டைப் பிள்ளைகள் போயின. லட்சத்துக்கு 19 என்று பெருமைப்படுகிற கேரளாவில்தான் இது நடந்தது.

மலைமேல் கதை வேறு. காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் இஞ்சிக்குழி, இந்தப் பக்கம் மயிலாறு, சேர்வலாறு என்று காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. நாள் நெருங்கினால் பெண்ணைக் கீழே இறக்கித் தெரிந்தவர் வீட்டில் வைத்திருப்பது வழக்கம். ஊரடங்கில் தெரிந்தவர்களும் கதவைத் திறக்க யோசித்தார்கள். போனில் ஆலோசனை கேளுங்கள் என்று அரசு சொன்னது. சிக்னல் இல்லாத காட்டில் போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிராம சுகாதார நர்ஸ் நேரில் ஏறிப் போனதால்தான் அங்கே பல காரியம் நடந்தது. அந்த நர்ஸம்மாக்களுக்கு இதுவரை யாரும் சரியாக நன்றி சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் லெஸ்டரில் உங்கள் மகள் நின்ற இடத்துக்கு நேராக இங்கே ஒருத்தியை நிறுத்த வேண்டும் என்றால், நான் செங்கல் சூளையில் வேலை செய்யும் வடக்கத்திப் பெண்ணைத்தான் நிறுத்துவேன். ஒடிசாவோ பீகாரோ, அவளுக்குத் தமிழ் தெரியாது, நமக்கு அவள் பேச்சு தெரியாது. கர்ப்பிணிப் பதிவு எண் சொந்த ஊரில் போட்டதா, போடவே இல்லையா என்று தெரியாது. எண் இல்லை என்றால் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்துப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் கிடையாது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று அரசு ஆஸ்பத்திரிகளில் நம்ம மாநிலம் ரொம்ப முன்பே அனுமதித்தது, கொரோனாவில் அதை நிறுத்தினார்கள். அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் கொஞ்சம் தமிழ் பொறுக்கியிருந்த புருஷன், அவன் கேட்டுக்கு வெளியே. உள்ளே அவள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்வாள், நாங்கள் 'சரி சரி' என்போம். தலைவலி என்கிறாளா, தாகம் என்கிறாளா? வலிப்புக்கு முந்தின தலைவலி என்றால் அந்த 'சரி சரி' ஓர் உயிர். வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பம்பாயில் இருந்தவள், அரைகுறை இந்தி தெரியும். எங்களுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். 2020 மே மாதம் கூடங்குளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கூடி நின்றபோது, 'இவங்களுக்கு இங்க என்ன கொறை?' என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு நாள் பிரசவ வார்டில் வந்து நின்றிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே 56 சதவீதம் என்று நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவர்கள் இனத்தை எழுதி, எண்ணி, அச்சில் போட்டார்கள். நம்ம நாட்டின் தாய்சாவு விகிதம் மாநிலவாரியாக வருகிறது, சாதிவாரியாக வருவதில்லை. ஒவ்வொரு தாய்சாவையும் கலெக்டர் அளவில் உட்கார்ந்து ஆராய்கிற நல்ல பழக்கம் தமிழ்நாட்டில் பல காலமாக உண்டு. ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் எப்போது ஏற்றினார்கள் என்று துருவுவோம். அதே கூட்டத்தில் 'அவளை எப்படிப் பேசினீர்கள்?' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கொரோனா காலத்தில் மாநிலத்தின் சொந்தக் கணக்கே 2021-22இல் லட்சத்துக்கு 90 அளவுக்கு ஏறி, பிறகு இறங்கியது. ஏறினபோது எந்தத் தெருக்காரிகளோடு ஏறியது என்று சொல்ல அட்டவணை இல்லை. ஆகவே 'நம்ம ஊரில் இப்படிக் கிடையாதே' என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க முடியாது அக்கா. அதை எழுதி வைக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நம்ம பக்கம் மேலாக இருக்கும் விஷயமும் உண்டு. எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழ்நாடு 2007லேயே கொண்டுவந்தது, சென்னை டாக்டர் சேஷையா போன்றவர்கள் போராடியதால். வெறும் வயிறாக வரவேண்டியதில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுத்தால் போதும். கிராமத்துப் பெண்ணுக்கு ஏற்ற முறை. தடுப்பூசியில் மட்டும் பிந்திவிட்டோம். பிரிட்டன் கர்ப்பிணிகளுக்கு 2021 ஏப்ரல் நடுவில் திறந்துவிட்டது, இந்தியா ஜூலை 2இல்தான் அனுமதித்தது. இரண்டாம் அலையின் உச்சம் மே மாதம். அந்த மே மாதத்தில் இழந்தவர்களை இப்போது எண்ணிப் பயனில்லை.

இனி மகள் விஷயம். அவள் நர்ஸ், ஆங்கிலம் தெரியும், ஆஸ்பத்திரி நடைமுறை தெரியும். அதனாலேயே 'நமக்குத் தெரியாததா' என்று தொந்தரவை அடக்கிக்கொண்டு இருந்துவிடுவாள். நம்ம பெண்களும் நம்ம நர்ஸ்களும் இதில் ஒரே ரகம். அவளிடம் நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லுங்கள்: 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனை இந்தியப் பெண் என்ற முறையிலேயே அவளுக்கு உண்டு, அவர்கள் மறந்தாலும் கேட்டு வாங்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, பிள்ளையின் துள்ளல் குறைவது இதில் எது வந்தாலும் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காலில் ஒரு பக்கம் வீக்கமோ திடீர் மூச்சு முட்டலோ வந்தால் ஆம்புலன்ஸ்தான். அங்கே சமீபத்தில் தாய்மார்கள் அதிகம் இறந்தது ரத்தக்கட்டியால்தான். போனில் பேசிய செவிலியர் 'வீட்டிலேயே இருங்கள்' என்றால், 'நான் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் என் குறிப்பில் எழுதுங்கள், உங்கள் பெயரென்ன' என்று கேட்கட்டும். மரியாதையாகக் கேட்டால் போதும். எழுத வேண்டும் என்று வரும்போது பல பேர் 'சரி, வந்து காட்டிவிட்டுப் போங்கள்' என்பார்கள். நானே அப்படிச் சொன்னவள்தான். கறுப்பினத் தாய்மார்களுக்காக 2019இல் இரண்டு பெண்கள் தொடங்கிய ஃபைவ் எக்ஸ் மோர் என்ற அமைப்பும் இதே மாதிரி வழிகளைத்தான் சொல்லித் தருகிறது. அவர்கள் தொடங்கிய மனு பாராளுமன்றம் வரை போய் 2021 ஏப்ரலில் விவாதம் நடந்தது.

மாப்பிள்ளைக்கு ஒரு வேலை. பிரசவ அறையில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி என்று இருக்கக் கூடாது. அவள் சோர்ந்து பேச முடியாதபோது, 'இவள் இயல்பாக இப்படி இருக்கிற ஆள் இல்லை, பெரிய டாக்டர் வந்து பார்க்க வேண்டும்' என்று அவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை இப்போதே ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளட்டும், கூச்சப்படுகிற ஆள் என்றால் கண்டிப்பாக.

நீங்களும் போக முடிந்தால் போங்கள். அவளை இங்கே கொண்டுவருவதைவிட நீங்கள் அங்கே போவது நல்லது. ஏழாம் மாதத்துக்கு மேல் விமானத்தில் ஏற டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், கடைசி மாதத்தில் ஏற்றவே மாட்டார்கள். விசாவுக்கு அவளுடைய செவிலியர் தரும் பிரசவத் தேதிக் கடிதத்தை வாங்கி இணைத்து இப்போதே விண்ணப்பியுங்கள். பிரசவ லேகியம் கொண்டுபோவீர்கள் என்று தெரியும். வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், கொடுப்பதற்கு முன் அங்குள்ள செவிலியரிடம் காட்டிவிடுங்கள். பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்துக் கடைச் சரக்கு எதுவும் வேண்டாம், வீட்டில் கிண்டியது மட்டும்.